நீறியதும் நீறாததும்

சாத்தூர் நகரில், வைப்பாற்றுக்கு இரண்டு தெரு தள்ளி, சொந்த வீடும் சொந்தப் பெயரும் உடையவராய் வாழ்ந்துவரும், காலஞ்சென்ற சேர்மக்கனி அவர்களின் தலைமகன் வெயில்முத்து என்பவர், வயது அறுபத்தொன்பது நிறைந்து எழுபதில் அடியெடுத்து வைத்தவர், ஆயுளில் பெரும்பகுதி காஸ் வெல்டிங் பட்டறை நடத்தி, நெருப்பைக் கையில் பிடித்துத் தொழில் செய்து, ஒரு மயிர்க்கால் கருகாமல் ஓய்வு பெற்றவர், சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், தம் வீட்டின் பின்புறத்துத் துவைகல்லில் முழங்கைகளை ஊன்றி, வலது கண்ணை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திக்கொண்டு குனிந்து நின்றார். கண்ணுக்குள் சுண்ணாம்பு தெறித்திருந்தது. இடது கண் ஐந்து வயதில் அம்மையோடு போய்விட்டது. ஆகவே உலகத்தைப் பார்ப்பதற்கு அவருக்கு இருந்த சன்னல் இது ஒன்றே. அந்த ஒற்றைச் சன்னலை இப்போது அவரே இழுத்துச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, திறப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். உள்ளே எரிந்தது. எரிச்சல் என்று அதைச் சொல்ல முடியாது. மிளகாய் எரிச்சல் அவருக்குத் தெரியும், வெல்டிங் பொறி விழுந்த எரிச்சல் தெரியும், இது அவை இரண்டும் அல்ல. ஏதோ ஒன்று கண்ணின் மேல் தோலை நிதானமாக, அவசரமே இல்லாமல், தின்றுகொண்டிருந்தது போல் இருந்தது. "தண்ணி படக் கூடாது" என்று அவர் உரக்கச் சொன்னார். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது தெரியாமலே சொன்னார். "யாரும் தண்ணி கொண்டாராதீங்க. பட்டா வெந்துரும். கொதிச்சிரும்." சொல்லி முடித்த பிறகு, சொன்னது சரிதானா என்ற சந்தேகம், பூட்டிய வீட்டுக்குள் பல்லி ஓடுவதுபோல் அவருக்குள் ஒருமுறை ஓடி மறைந்தது.

விழுந்தது நீறிய சுண்ணாம்பா, நீறாத சுண்ணாம்பா? இதைத் தீர்மானித்துவிட்டால் மற்றவையெல்லாம் தானே வந்து வரிசையில் நிற்கும் என்று மனம் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துத் தொங்கியது. நீறியது என்றால், அது குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடித்து, கொதிக்க வேண்டிய கொதிப்பைக் கொதித்து அடங்கிய பொருள். அதன்மேல் வைப்பாற்றையே திருப்பிவிட்டாலும் கரைந்து ஓடுமே தவிரக் கொதிக்காது. நீறாத கல் என்றால், அது தண்ணீருக்காகக் காத்திருக்கும் நெருப்பு. ஒரு சொட்டுப் போதும். அப்படியென்றால் கண்ணீர்? கண்ணீரும் தண்ணீர்தானே? பொத்திய கைகளுக்கு அடியில் கண் தன் பாட்டுக்குப் பொங்கிக்கொண்டிருந்தது. அழாதே, அழாதே என்று அவர் தம் கண்ணுக்கே கட்டளையிட்டார், அது கேட்கவில்லை, அறுபத்தொன்பது வருஷத்தில் தாயார் செத்தபோதுகூட அடங்கிக் கிடந்த கண் இப்போது யாரைக் கேட்டு அழுகிறது. சரி, முதலிலிருந்து பார்ப்போம். மாடித் தளம் சூட்டில் வெடிக்கிறது, வீட்டுக்குள் இருக்க முடியவில்லை, தளத்துக்குச் சுண்ணாம்பு அடித்தால் சூடு குறையும், ஆகவே கல் சுண்ணாம்பு வாங்கினோம், பட்டறையிலிருந்து கொண்டுவந்த பாதி டிரம்மைத் துவைகல் பக்கத்தில் வைத்தோம். டிரம்மில் முதலில் தண்ணீர். பிறகு கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக, தூர நின்று, நீளக் கம்பால் தள்ளி இறக்க வேண்டும். கல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு அதன் தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இது அவருக்குத் தெரியாததா? போன வருஷம் அப்படித்தான் செய்தார். தண்ணீர் முதலில், கல் பிறகு. இல்லை, அது போன வருஷம். இன்று? இன்று கல்லைக் கொட்டியது ஞாபகம் இருக்கிறது, தண்ணீர் ஊற்றியதும் ஞாபகம் இருக்கிறது, எது முன்னால் எது பின்னால் என்பதுதான் இடம் மாறி மாறி வந்து நிற்கிறது. காலையில் மனைவி தங்கபுஷ்பம் போட்ட சண்டைதான் இடையில் புகுந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டது.

சண்டை வத்தலைப் பற்றியது. மாடியில் கூழ்வத்தல் ஊற்றிக் காயப் போட்டிருந்தாள். "இன்னும் ஒரு வெயில் வேணும். நாளைக்கு அடிச்சா மாடி ஓடியா போயிரும்?" என்றாள். "நாளைக்கு நாளைக்குன்னு அக்கினி நச்சத்திரமே முடிஞ்சிரும்" என்றார் இவர். "அப்ப ஆளக் கூப்பிடுங்க. பெயிண்டரு எதுக்கு இருக்கான்." "சுண்ணாம்பு எனக்குப் புதுசா? பட்டறையில கார்பைடு கழிவு பூராவும் சுண்ணாம்புதான. அதுலயே கெடந்து பொரண்டவன் நான்." "பொரண்டவரு கண்ணாடியாச்சும் மாட்டிக்கிட்டுப் பொரளுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வத்தல் சேலையைச் சுருட்ட மாடிக்குப் போய்விட்டாள். கண்ணாடி மாட்டித்தான் இருந்தார், படிக்கிற மூக்குக் கண்ணாடி. டிரம்மிலிருந்து ஆவி எழும்பி அதில் படிந்து, கண்ணுக்கு முன்னால் பனி மூட்டம்போல் ஆகிவிட்டது. ஒற்றைக் கண்காரனுக்கு மூட்டம் என்றால் முழு மூட்டம். துடைத்தார், மறுபடி படிந்தது. கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். வெல்டிங் கண்ணாடி, பக்கவாட்டிலும் மூடியிருக்கும் கண்ணாடி, உள்ளே அலமாரிக்கு மேலேதான் இருந்தது; போய் எடுத்துவரப் பத்தடி. ஆனால் நடுவில் ஒரு கல் தண்ணீர் எட்டாமல் திட்டாக, மேல்பக்கம் உலர்ந்து நின்றது, அதை முடித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. மாடித் தொட்டிக் குழாயில் ஒரு குவளை பிடித்தார், பிடித்ததை அந்தக் கல்லின் தலையில் ஊற்றினார். ஆம், ஊற்றினார். கல்லின் தலையில். அது ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு உள்ளுக்குள் ஏதோ முறிந்ததுபோல் சத்தம். பிறகு வெள்ளை. எனில், தெறித்தது அந்தக் கல்லின் உள்வயிறா, அல்லது அதைச் சுற்றி ஏற்கெனவே வெந்து பாலாய்க் கிடந்த சுண்ணாம்பா? உள்வயிறு என்றால் நீறாதது. பால் என்றால் நீறியது. முகத்தில் பட்டபோது ஈரமாக இருந்ததா? ஈரமாகத்தான் இருந்தது. இல்லை, தூளாக, மணல்போல் கன்னத்தில் குத்தியது. ஈரமான மணல். ஈரமான மணல் என்றால் அது எது?

"என்ன சத்தம்? என்ன ஆச்சு? ஐயோ, முகம் பூராவும்!" தங்கபுஷ்பம் படியிறங்கி வருவது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. "கையை எடுங்க பாப்போம்." "எடுக்க மாட்டேன். தண்ணி பட்டாக் கொதிக்கும்." "கண்ணுலயா விழுந்துச்சு?" அவர் கைகளை இன்னும் இறுக்கிப் பொத்தினார். ஆமென்று சொன்னால் அது உண்மையாகிவிடும் என்பதுபோல் இருந்தது. அவள் முந்தானையால் அவருடைய நெற்றியிலும் புருவத்திலும் ஒட்டியிருந்த கட்டிகளைத் தட்டிவிட்டாள். பொடி உதிரும் சத்தம் அவருக்குக் கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்தார். உலர்ந்த பொடியா, அப்படியென்றால் நீறாதது. இல்லை, வெயிலில் உடனே காய்ந்திருக்கும், அப்படியென்றால் நீறியதும் பொடியாகத்தான் இருக்கும். இதற்குள் சுற்றுச்சுவருக்கு அப்பாலிருந்து பேச்சியம்மாளின் குரல் கேட்டது. பேச்சியம்மாள் அடுத்த வீட்டுக்காரி, எதையும் எட்டிப்பார்க்காமல் விடுவதில்லை, அவளுக்காகவே அந்தச் சுவரை இன்னும் இரண்டு வரிசை உயர்த்தவேண்டும் என்று இவர் பலமுறை சொல்லியிருக்கிறார். "யக்கா, வெளக்கெண்ணெய் ஊத்துங்க, குளுந்துரும்." "எண்ணெயா?" "இல்லாட்டிப் பாலு. எங்க மருமக பிள்ளை பெத்துக் கெடக்காள்ல, ஒரு சங்கு பால் வாங்கியாறேன். வெல்டிங் கண்ணுக்குப் பால்தான விடுவாக, அண்ணாச்சிக்குத் தெரியாததா?" அண்ணாச்சிக்குத் தெரியும். கரண்டு வெல்டிங் வெளிச்சம் பட்டுக் கண் கரித்துக்கொண்டு வந்த பையன்களுக்கு அவரே பால் வாங்கி ஊற்றியிருக்கிறார், உருளைக்கிழங்கு வில்லை வைத்துக் கட்டியிருக்கிறார், மறுநாள் எல்லாருக்கும் சரியாகியிருக்கிறது. அது வெளிச்சம் தின்ற கண். இது சுண்ணாம்பு தின்கிற கண். இரண்டும் ஒன்றா? பால் தண்ணீர்தானே, பாலில் பாதிக்குமேல் தண்ணீர்தானே? எண்ணெயில் தண்ணீர் இல்லை. எண்ணெய் நல்லது என்று சொல்ல வாயெடுத்தார். எண்ணெய் சுண்ணாம்பை உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டால்? பெயிண்டர்கள் சுண்ணாம்பில் எண்ணெய் ஊற்றுவது அது சுவரில் ஒட்டிக்கொள்ளட்டும் என்பதற்குத்தானே? வாய் திறந்தபடியே நின்றது. "என்ன சொல்றீங்க? ஊத்தவா வேண்டாமா?" என்றாள் தங்கபுஷ்பம். "இரு. யோசிக்கேன்." "கண்ணு வேகுது, யோசிக்காகளாம்" என்றாள் பேச்சியம்மாள் சுவருக்கு மேலிருந்து.

கார்பைடு டிரம் ஞாபகம் வந்தது, யாரும் அழைக்காமல் வந்தது. சாம்பல் நிறக் கல். மூடியைத் திறந்தால் வெள்ளைப்பூண்டு அழுகினாற்போல் ஒரு நெடி. அந்தக் கல்லில் தண்ணீர் பட்டால் காஸ். காஸில் பொறி பட்டால் பட்டறை இல்லை. மழைக்காலம் வந்தால் அவருக்குத் தூக்கம் போய்விடும். ஓட்டுக்கூரை ஒழுகுகிறதா என்று எழுந்துபோய்ப் பார்ப்பார், டிரம்மைப் பலகைமேல் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடுவார். சுவரில் சிவப்புப் பெயிண்டால் அவரே எழுதிவைத்திருந்தார்: கார்பைடுக்குத் தண்ணீர் எமன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தாமாகவே கற்றுக்கொண்டவர், அந்த 'எமன்' என்ற சொல்லை அழகாக, இரண்டு சுழியும் சரியாக எழுதியதில் அவருக்குப் பெருமை. வருகிறவன் போகிறவன் எல்லாரும் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வருவான். ஒரு நாள்கூட, ஒரு பொட்டுத் தண்ணீர்கூட அதன் பக்கம் போனதில்லை. அப்படி ஆயுள் பூராவும் தண்ணீரைக் காவல் காத்தவன் கண்ணில் தண்ணீர் ஊற்றச் சொன்னால் எப்படிச் சம்மதிப்பான். ஆனால் இது கார்பைடு இல்லையே. கார்பைடு தண்ணீர் குடித்து முடித்த பிறகு மிஞ்சுகிற வெள்ளைச் சேறும் சுண்ணாம்புதானே, அதைக் கையால் அள்ளிக் குழியில் போட்டுவிட்டுத் தண்ணீரில்தானே கை கழுவினோம்? கழுவினோம். கை கொதித்ததா? கொதிக்கவில்லை. அது நீறியது. இது? மறுபடியும் அங்கேயே வந்து நின்றது மனம். செக்குமாடு சுற்றுவதற்காவது எண்ணெய் கிடைக்கும், இந்தச் சுற்றில் எரிச்சலைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை.

அவளிடமிருந்து சத்தம் இல்லை. சத்தம் இல்லாவிட்டால் தங்கபுஷ்பம் கோபமாக இருக்கிறாள் என்று பொருள், அல்லது ஏதோ முடிவு செய்துவிட்டாள் என்று பொருள், இரண்டுக்கும் வித்தியாசம் அவர் இதுவரை கண்டுபிடித்ததில்லை. குழாயில் பிளாஸ்டிக் ஓஸ் மாட்டும் சத்தம் கேட்டது. "ஏய், என்ன செய்யப் போற?" "சட்டியில ஒட்டுனாலும் தண்ணி, தரையில ஒட்டுனாலும் தண்ணி. கண்ணுல ஒட்டுனா மட்டும் எனக்கு வேற எதுவும் தெரியாது." "வேண்டாம்ங்கேன்ல!" "ஒங்க பேச்சக் கேட்டு இவ்வளவு நேரம் நின்னதே தப்பு." அவருடைய கழுத்தைப் பிடித்து அழுத்தினாள். அந்தக் கையில் இவ்வளவு பலம் இருப்பது அவருக்குத் தெரியாது. தலை துவைகல்லில் பக்கவாட்டில் சாய்ந்தது, கன்னம் கல்லில் பதிந்தது, வலது கண் எந்தப் பக்கம் இருக்கிறது, மேலா கீழா, என்று அவருக்கே தெரியவில்லை. பொத்தியிருந்த கைகளை அவள் இழுத்தாள், தண்ணீர் விழுந்தது. சுட்டது. "கொதிக்குது! கொதிக்குது தங்கம், கொதிக்குது!" முடிந்தது. நீறாததுதான். நான் சொன்னேன், கேட்கவில்லை, கண் வெந்துவிட்டது, முட்டை வேகிறதுபோல் வெள்ளையாக வெந்துவிட்டது. அவர் துள்ளினார், கால் டிரம்மை உதைத்தது, பேச்சியம்மாள் "ஐயையோ" என்றாள். "அது மாடித் தொட்டித் தண்ணி, வெயிலுல காஞ்ச தண்ணி. செத்த நேரம் ஓடுனாக் குளுந்துரும். ஏ பேச்சி, சும்மா நின்னு ஒப்பாரி வைக்காம, நம்ம அந்தோணி ஆட்டோவுக்கு ஒரு போனப் போடு" என்று தங்கபுஷ்பம் ஒரே மூச்சில் சொன்னாள். தண்ணீரின் சூடா, கண்ணின் சூடா? தொட்டித் தண்ணீர் சித்திரை மாதத்தில் சுடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. காலையில் அதில்தான் குளித்தார், குளிக்கும்போது திட்டிக்கொண்டே குளித்தார். ஆனால் இப்போது அந்த அறிவு எங்கோ தூரத்தில், அடுத்த தெருவில் யாரோ பேசுவதுபோல் கேட்டதே தவிர, இங்கே துவைகல்லில் கிடக்கும் தலைக்குள் வரவில்லை.

பிறகு அது குளிர்ந்தது. எப்போது குளிர்ந்தது என்று சொல்ல முடியாது. சுட்டுக்கொண்டே இருந்தது, பிறகு சுடவில்லை. அதுவே புதிய பயமாக வந்து உட்கார்ந்தது: சூடு போய்விட்டதா, அல்லது சூட்டை அறிகிற சக்தி போய்விட்டதா? "தொறங்க" என்றாள். "தொறந்துதான இருக்கு." "தொறக்கல. இறுக்கி மூடியிருக்கீங்க." இரண்டு விரல்கள் இமைகளைப் பிடித்துப் பிரித்தன. தண்ணீர் கண்ணின்மேல் நேராக, விழுந்து விழுந்து, மூக்குத்தண்டின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடிக் காதுக்குள் புகுந்தது. திறந்த கண்ணுக்கு முன் வெள்ளை. குருடு என்றால் இருட்டு என்றுதான் இதுநாள்வரை அவர் நினைத்திருந்தார். வெள்ளையாகவும் குருடு வரலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அந்த வெள்ளைக்குள் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தார். அசைந்தது. அது தண்ணீரா, அவள் தலையா, மனம் தானாகப் போட்டுக்காட்டும் நிழலா? கலியாண போட்டோ வந்தது, ஏன் வந்தது என்று தெரியவில்லை. போட்டோக்காரர் "பொண்ணு இடப்பக்கம் நில்லும்மா" என்று சொல்லியும் இவள் போகவில்லை. "அந்தப் பக்கம் நின்னா அவுகளுக்கு நான் தெரிய மாட்டேன்" என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டு வலப்பக்கமே நின்றாள், பந்தலில் சிரிப்பு எழுந்தது, அவருக்கு அவமானமாக இருந்தது, அந்த அவமானம் ஆறுவதற்குப் பல வருஷமாயிற்று, ஆறிய பிறகு அது என்னவாக மாறியது என்று அவர் என்றுமே பெயர் வைத்துப் பார்த்ததில்லை. இப்போது அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள்? குரல் தலைக்கு மேலிருந்து வருகிறது. வலமும் இல்லை இடமும் இல்லை. வலப்பக்கமும் போய்விட்டால் அவள் எங்கேதான் நிற்பாள்? "தங்கம்." "ம்." "எங்க நிக்க?" "எங்க நிப்பேன், இங்கதான் நிக்கேன். கண்ண உருட்டுங்க. மேல பாருங்க. கீழ பாருங்க." பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதவரைப் பார்க்கச் சொல்கிறாள். அவர் உருட்டினார். மேல்பக்கம் இமைக்குள் ஏதோ உறுத்தியது, துகள், இருக்கிறது, இன்னும் இருக்கிறது. அது நீறியதா? "போதும் தங்கம், போயிருச்சு." "போகல." "எரிச்சல் குறைஞ்சிருச்சுங்கேன்ல." "குறையட்டும். நான் நிறுத்தமாட்டேன்."

எவ்வளவு நேரம் ஊற்றினாள் என்பதை அவரால் அளக்க முடியவில்லை; ஒரு ஜன்மம் ஊற்றினாற்போலவும் இருந்தது, இப்போதுதான் தொடங்கினாற்போலவும் இருந்தது. தண்ணீருக்கு அடியில் கிடப்பவனுக்குக் காலம் ஓடாது, தண்ணீர்தான் ஓடும். நாளை முதல் தினத்தந்தி யார் படிப்பார்கள் என்று நினைத்தார். பிறர் படித்துக் கேட்பது அவருக்குப் பிடிக்காது. அவர் எழுத்தைத் தாமே பிடித்தவர், கடைப்பலகையிலும் பொட்டலத் தாளிலும் கூட்டிக் கூட்டிப் பிடித்தவர், அதை யாரும் இரவல் கொடுத்ததில்லை. படியை எப்படி இறங்குவது? மூன்றாம் படி மற்றவற்றைவிட அரையங்குலம் உயரம், கொத்தனார் செய்த தப்பு, அது காலுக்குத் தெரியுமா, கண்ணுக்கு மட்டும்தான் தெரியுமா? இதற்கிடையில் ஆட்டோ வந்த சத்தம். "அண்ணாச்சி, அந்தோணி வந்திருக்கேன். எந்திரிங்க." "அவுகளத் தூக்கு. நான் குடம் எடுத்துட்டு வாறேன்." "குடம் எதுக்குக்கா?" "வண்டிக்குள்ள ஊத்திக்கிட்டே வரணும்." "சீட்டெல்லாம் நனையும்க்கா." "நனையட்டும். காயாதா ஒன் சீட்டு?" "நல்லாக் காயும், நீங்க ஊத்துங்க. ஆசுபத்திரிக்குப் போனைப் போட்டுட்டுத்தான் வந்தேன், கழுவுறத நிறுத்தாமக் கூட்டிட்டு வான்னுதான் அவுகளும் சொல்றாக" என்றான் அந்தோணி. இதைக் கேட்டபோது வெயில்முத்துவுக்குள் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடந்தன: ஒன்று, தாம் சொன்னது தப்பு என்று அறிந்த வெட்கம், மற்றது, ஆசுபத்திரிக்காரர்களுக்குச் சுண்ணாம்பைப் பற்றி என்ன தெரியும் என்ற கோபம். எது முதலில் வந்தது என்று பிரிக்க முடியாமல், கல் முதலா தண்ணீர் முதலா என்பதைப்போலவே, அவை ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தன. சுவருக்கு மேலிருந்து பேச்சியம்மாள், "பால் வேண்டாமாக்கா? மருமக எடுத்து வச்சிட்டா" என்றாள். "பிள்ளைக்கே குடு பேச்சி" என்றாள் தங்கபுஷ்பம்.

ஆட்டோவில் அவர் தலை அவள் மடியில் கிடந்தது. பொதுஇடத்தில், பட்டப்பகலில், மனைவி மடியில் தலை வைத்துப் போகிறோம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தது. பார்க்காதவனுக்குத் தன்னைப் பிறர் பார்ப்பதும் தெரியாது என்று அது தானே ஒதுங்கிக்கொண்டது. குடத்திலிருந்து சிறு குவளையால் மொண்டு மொண்டு ஊற்றினாள். பள்ளம் வந்தபோது மூக்கிலும் வாயிலும் போனது, அவர் தும்மினார், இருமினார், "கொல்லப் பாக்கியா" என்றார். "கொல்லணும்னா எண்ணெய்தான் ஊத்தியிருப்பேன்" என்றாள். அந்தோணி சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று ஆரன் அடித்தான். வண்டி இடப்பக்கம் திரும்பியது. பாலத்துக்குப் போகிற திருப்பம் என்று நினைத்தார். உடனே வலப்பக்கம் திரும்பியது. அப்படியானால் பாலம் இல்லை, சந்தைத் தெருவா? சாத்தூரில் அவருக்குத் தெரியாத தெரு இல்லை, இன்று எந்தத் தெருவும் அவரைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கருவாட்டு நெடி, பிறகு பூ, பிறகு டீசல். யாரோ "என்னண்ணே ஆச்சு?" என்று கேட்பது காற்றில் பின்னால் போயிற்று. வெள்ளைக்குள் மஞ்சளாக ஒரு திட்டு வந்து போனது. பார்த்தேனா? "தங்கம், ஒன் சேலை மஞ்சளா?" என்று கேட்டார். "பச்சை" என்றாள். பிறகு, "வண்டியோட மறைப்புத் துணி மஞ்சள்" என்றாள். அது பார்த்ததா, வெறும் யூகமா, அவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் குவளை ஒரு கணம் நின்று, முன்னிலும் வேகமாக ஊற்றத் தொடங்கியது.

உள்ளூர் ஆசுபத்திரியில் மேலும் பாட்டில் பாட்டிலாகக் கழுவினார்கள், மேலிமையைப் புரட்டிப் பஞ்சுக் குச்சியால் துகளை எடுத்தார்கள், அன்றே மதுரைக்கு அனுப்பினார்கள். அதன்பின் கட்டும் சொட்டு மருந்துமாக நாட்கள் போயின. கட்டுக்குள் படுத்திருந்த வெயில்முத்து, மற்றவர்கள் நினைத்ததுபோல் பார்வை வருமா என்று மட்டும் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. அதை யோசிக்கப் பயந்து, பழைய கேள்வியையே மென்றுகொண்டிருந்தார். நீறாதது என்றால் தான் சொன்னது சரி, ஆனால் கண் போயிருக்கும். நீறியது என்றால் கண் பிழைத்திருக்கும், ஆனால் தான் சொன்னது தப்பு. தன் பேச்சு சரியாக இருக்கவேண்டும் என்று வேண்டுவதா, தப்பாக இருக்கவேண்டும் என்று வேண்டுவதா? எந்தப் பக்கம் கும்பிட்டாலும் ஒன்றை இழக்கவேண்டியிருந்தது. கடைசியாகக் கட்டைப் பிரிக்கும் நாளில், மதுரையில், டாக்டரம்மா விளக்கை வைத்து நெடுநேரம் பார்த்தாள். குரலைக் கொண்டு அவளுக்குத் தம் மகளாகும் வயதுதான் இருக்கும் என்று தோன்றியது. அவர் தாம் கட்டி வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டார், கல்லின் தலையில் ஊற்றியது, அது முறிந்த சத்தம், ஈரமான மணல், எல்லாவற்றையும் அச்சுப் பிசகாமல் சொல்லி, "இப்ப நீங்கதான் சொல்லணும்மா. கண்ணுல விழுந்தது நீறுனதா, நீறாததா?" என்று கேட்டார். "ரெண்டுல எதுவா இருந்தாலும் தண்ணிதான் ஐயா" என்றாள் அவள், மருந்துப் பெயர் சொல்வதுபோல் சாதாரணமாக. "ஒட்டியிருக்கிற பொடியைத் தட்டிவிட்டுட்டு, நிக்காம ஓடுற தண்ணி. துளித் தண்ணிதான் சூடாக்கும், நிறையத் தண்ணி சூட்டையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும். எண்ணெய், பால், எலுமிச்சை ஒண்ணும் கூடாது. ஓரத்துல ஒரு தழும்பு விழுந்திருக்கு, அது விழுந்த உடனே கழுவாம இருந்த நேரத்துக்கு. எவ்வளவு நேரம் கழிச்சு ஊத்துனீங்க?" "உடனேதான் டாக்டர்" என்றாள் தங்கபுஷ்பம், கேள்வி முடியுமுன். "விழுந்த கையோட ஊத்திட்டோம்."

வெயில்முத்து அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினார். எதிரே பச்சையாக ஒன்று இருந்தது. அதன்மேல் ஒரு முகம் இருந்தது. ஓரங்கள் பாலில் கரைந்தாற்போல் இருந்தாலும், நடுவில் அது அவள் முகம்தான், அதில் பொய் சொன்ன இரண்டு கண்கள் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தன. இத்தனை நாள் மென்ற கேள்வி வாயில் சக்கையாகக் கிடந்தது. துப்பிவிட்டார். "இல்லம்மா" என்றார் டாக்டரிடம். "நான் விடல. வேண்டாம் வேண்டாம்னு கையப் பொத்திக்கிட்டு நின்னேன். அவதான் என் கழுத்தப் பிடிச்சு அமுக்கி ஊத்துனா." "இப்ப அது எதுக்கு?" என்றாள் தங்கபுஷ்பம், கோபம்போல. "எழுதிக்கிடட்டும்" என்றார் அவர். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையில் முதல் மூன்று வரியை நிதானமாக வாசித்தார். நான்காவது வரி எறும்புச் சாரைபோல் ஊர்ந்தது, அது இனி நிற்காது என்று டாக்டரம்மா சொன்னாள், சரி என்றார். மன்மத ஆண்டு வைகாசித் திங்கள் இருபதாம் நாள், ஆங்கிலம் இரண்டாயிரத்துப் பதினைந்து ஜூன் மூன்றாம் தேதி, புதன்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு முன்னதாக இவ்விவகாரம் இவ்வாறு தீர்ந்தது.